ஜியோராக்ல இருந்து டெக்கான் பசால்ட் டேட்டாவை ஆர்-க்குள்ள கொண்டு வர்றது: முதல் டவுன்லோடுல இருந்து முதல் பிளாட் வரைக்கும்

எம்எஸ்சி ப்ராஜெக்ட் பண்ற ஜூனியர் பசங்க வருஷா வருஷம் ஒரே கேள்வியோட வராங்க, "அண்ணா ஜியோராக் ஃபைல் டவுன்லோட் பண்ணிட்டேன், ஆர்-ல ஓபன் பண்ணா ஏதோ வருது, ஆனா கிராஃப் கண்றாவியா இருக்கு"ன்னு. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா உக்காந்து சொல்லி அலுத்துப்போச்சு, அதான் மொத்தமா ஒரே இடத்துல எழுதிடறேன். ஆர்ங்கறது புள்ளிவிவரக் கணக்கு, கிராஃப் எல்லாம் பண்ற ப்ரோக்ராமிங் மொழி, ஜியோராக் என்னன்னு கீழ சொல்றேன்.

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். ஃபைல் லோட் ஆகலைன்னா அது பெரிய பிரச்சனையே இல்ல, எரர் மெசேஜை படிச்சு சரி பண்ணிடலாம். எரர் எதுவுமே வராம சமத்தா லோட் ஆச்சு பாருங்க, அங்க தான் வேலையே இருக்கு. பாதி வரிசை காணாம போயிருக்கும், நம்பர் எல்லாம் எழுத்தா உக்காந்திருக்கும், பாறையோட அனலிசிஸ் கூட மினரல் அனலிசிஸ் கலந்திருக்கும், சாஃப்ட்வேர் எதுவுமே நடக்காத மாதிரி சராசரி போட்டுக் குடுக்கும். அதனால கீழ வர்ற ஒவ்வொரு ஸ்டெப்லயும் ஒரு செக் வச்சிருக்கேன், ஸ்டெப்பை விட செக் தான் முக்கியம்.

ஃபங்ஷன் பேரை எல்லாம் நாம வாயால சொல்ற மாதிரியே எழுதியிருக்கேன், கன்சோல்ல அடிக்கும்போது வழக்கம் போல அடிச்சுக்குங்க.

எந்த டேட்டா, ஏன் இது

ஜியோராக்ங்கறது எரிமலைப் பாறைகளோட கெமிக்கல் அனலிசிஸை பப்ளிஷ் ஆன பேப்பர்ல இருந்து எடுத்து சேர்த்து வச்சிருக்கற டேட்டாபேஸ். ஜெர்மனில மைன்ஸ் ஊர்ல இருக்கற மாக்ஸ் பிளாங்க் கெமிஸ்ட்ரி இன்ஸ்டிட்யூட்ல ஆரம்பிச்சது, இப்போ கோட்டிங்கன் யுனிவர்சிட்டி நடத்துது. இதே மாதிரி அமெரிக்காவுல எர்த்கெம், பெட்டிபி எல்லாம் இருக்கு, அதுல நடுக்கடல் பாறை எல்லாம் நல்லா கிடைக்கும். நமக்கு டெக்கான் ட்ராப்ஸ் வேணும், அதாவது சுமார் 6.6 கோடி வருஷம் முன்னாடி மகாராஷ்டிரா பக்கம் கொட்டின பசால்ட் (லாவா இறுகின கருப்புப் பாறை), அடுக்கு அடுக்கா ஒண்ணு மேல ஒண்ணா உக்காந்திருக்கறது. இதை நான் எடுத்ததுக்கு காரணம் இருக்கு. மேற்குத் தொடர்ச்சி மலைல இந்த அடுக்குகளை கெமிஸ்ட்ரி வச்சே ஃபார்மேஷன் ஃபார்மேஷனா பிரிச்சு வச்சிருக்காங்க, கீழ ஜவ்ஹார், இகத்புரில ஆரம்பிச்சு புஷே, போலாத்பூர், அம்பேனலி, மகாபலேஷ்வர்னு மேல போகும். எந்த ஃபார்மேஷன்ல என்ன நம்பர் வரணும்னு ஏற்கனவே தெரியும்ங்கறதால நம்ம லோடிங் சரியா தப்பான்னு கடைசில டெஸ்ட் பண்ணிக்கலாம்.

ஸ்டெப் 1: டவுன்லோட், அப்புறம் கையை வைக்காம இருக்கறது

ஜியோராக்ல ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, நாமளே தேடி ஃபில்டர் போட்டு எடுக்கறது. இன்னொண்ணு அவங்களே இடவாரியா தொகுத்து வச்சிருக்கற ரெடிமேட் சிஎஸ்வி ஃபைல் (கமா போட்டுப் பிரிச்ச டேபிள்). ரெண்டாவது தான் நல்லது, ஏன்னா கோட்டிங்கனோட டேட்டா ரெப்பாசிட்டரில அது பதிப்பு நம்பரோட, டிஓஐ-யோட (நிரந்தர அடையாள எண்) இருக்கும், ஆறு மாசம் கழிச்சு கைட் வந்து "எந்த டேட்டா யூஸ் பண்ணின"ன்னு கேட்டா காட்டலாம். கண்டங்கள்ல கொட்டின ஃப்ளட் பசால்ட்னு ஒரு தொகுப்பு இருக்கும், அதுக்குள்ள டெக்கான் ஃபைல் இருக்கும்.

இறக்கினதும் ப்ராஜெக்ட் ஃபோல்டர்ல "ரா"ன்னு ஒரு சப் ஃபோல்டர் போட்டு அதுல வச்சுட்டு, ஃபைல் பேர்ல இறக்கின தேதியை சேர்த்து, ப்ராப்பர்ட்டிஸ்ல போய் ரீட் ஒன்லி டிக் பண்ணிடுங்க.

இப்போ ரொம்ப முக்கியமானது. அதை எக்செல்ல டபுள் கிளிக் பண்ணி ஓபன் பண்ணாதீங்க. "சும்மா பாக்கத் தானே"ன்னு தோணும், பாத்துட்டு மூடும்போது சேவ் பண்ணவான்னு கேக்கும், கை பழக்கத்துல எஸ் குடுத்துடுவீங்க. சாம்பிள் பேர் டிஇசி-5 ன்னு இருந்தா எக்செல் அதை டிசம்பர் 5 ஆக்கிடும், டெக்கான் சாம்பிளுக்கு எத்தனை பேர் டிஇசி-ன்னு பேர் வைப்பாங்கன்னு யோசிச்சுப் பாருங்க. 3-12 ன்னு இருந்தாலும் தேதி தான். இந்தத் தொல்லை தாங்காம மனித ஜீன்களுக்குப் பேர் வைக்கிற கமிட்டியே மார்ச், செப்ட்னு ஆரம்பிக்கற ஜீன் பேரை எல்லாம் மாத்திட்டதா 2020-ல அறிவிச்சாங்க, அவங்களாலயே முடியலைன்னா நாம எம்மாத்திரம். ஃபைல் உள்ள பாக்கணும்னா நோட்பேட் மாதிரி எடிட்டர்ல பாருங்க.

ஸ்டெப் 2: எடிட்டர்ல 5 நிமிஷம்

இதை எல்லாரும் ஸ்கிப் பண்ணுவாங்க. பண்ணாதீங்க. மூணு விஷயம் பாக்கணும்.

தலைப்பு வரிசை எப்படி இருக்குன்னு பாருங்க. எல்லாமே கேப்பிட்டல் எழுத்துல, சிலிக்கா காலம்னா (காலம்னா இங்க டேபிளோட நெடுக்கு வரிசை) பேருக்குப் பின்னாடியே அடைப்புக்குள்ள யூனிட் போட்டிருக்கும், மேஜர் ஆக்சைடு எல்லாம் எடை சதவீதம், ட்ரேஸ் எலிமெண்ட் (கொஞ்சூண்டு மட்டும் இருக்கற தனிமங்கள்) எல்லாம் பிபிஎம், அதாவது பத்து லட்சத்துல எத்தனை பங்குன்னு. காலம் நூத்துக்கு மேல இருக்கும், பயப்படாதீங்க, பாதிக்கு மேல காலியாத் தான் இருக்கும்.

அடுத்து ஃபைலோட கடைசிக்குப் போங்க. டேட்டா முடிஞ்சதும் கீழ ரெஃபரன்ஸ் பட்டியல் வரும், எந்த பேப்பர்ல இருந்து எடுத்ததுன்னு நம்பர் போட்டு. டேட்டாவுல சைட்டேஷன் காலத்துல [1234] மாதிரி இருக்கும் பாருங்க, அந்த நம்பர் தான் இது. மனுஷன் படிக்க வசதி, ஆனா ஆர்-க்கு இதுவும் டேட்டா வரிசை மாதிரியே தெரியும். சில பதிப்புல அமைப்பு மாறி இருக்கலாம், அதான் கண்ணால பாக்க சொல்றேன்.

மூணாவது, ஜெர்மன் ஃப்ரெஞ்ச் ஆத்தர் பேருல புள்ளி வச்ச எழுத்து, டிகிரி சின்னம் எல்லாம் ஒழுங்கா தெரியுதான்னு பாருங்க. பெட்டி பெட்டியா, கேள்விக்குறியா தெரிஞ்சா ஃபைல் யுடிஎஃப்-8 இல்ல, லத்தீன்-1 என்கோடிங் (எழுத்தைக் கம்ப்யூட்டர் சேமிக்கற முறை). எடிட்டரோட கீழ் ஓரத்துலயே என்ன என்கோடிங்னு பெரும்பாலும் காட்டும், குறிச்சு வச்சுக்குங்க.

ஸ்டெப் 3: லோட் பண்றது, எல்லாத்தையும் எழுத்தா

ஆர் ஸ்டுடியோல இம்போர்ட் டேட்டாசெட்னு பட்டன் இருக்கு, அதை அழுத்தி ஃபைலைக் காட்டினா அழகா ப்ரிவ்யூ வரும், ஓகே குடுத்தா லோட் ஆகிடும். நானும் ஆரம்பத்துல அப்படித்தான் பண்ணினேன், அதுல என்ன சிக்கல்னா அது ரீடர் பேக்கேஜை வச்சு ஒவ்வொரு காலமும் நம்பரா எழுத்தான்னு தானே யூகிக்கும், அதுவும் எல்லா வரிசையும் பாத்து இல்ல, டீஃபால்ட்டா 1000 வரிசை தான் பாக்கும். நம்ம டேட்டாவுல ஐசோடோப், பிளாட்டினம் க்ரூப் மாதிரி காலம் எல்லாம் எங்கயோ ஒரு நாலு வரிசைல மட்டும் இருக்கும். பாத்த 1000-லயும் காலியா இருந்தா இது ட்ரூ-ஃபால்ஸ் காலம்னு முடிவு பண்ணிடும், அப்புறம் வர்ற நிஜ நம்பர் எல்லாம் காலி ஆகிடும். ஒரு வார்னிங் வரும், யாரும் படிக்க மாட்டோம்.

அதனால என் வழி இது: எல்லா காலத்தையும் எழுத்தாவே உள்ள கொண்டு வா, நம்பரா மாத்தறதை அப்புறம் நாமளே பண்ணிக்கலாம். பேஸ் ஆர்-ல இருக்கற ரீட் டாட் சிஎஸ்வி போதும், பேக்கேஜ் எதுவும் வேணாம். அதுக்கு நாலு ஆர்க்யுமெண்ட் குடுக்கணும். கால்கிளாசஸ்ல கேரக்டர்னு குடுங்க, எல்லாம் எழுத்தா வரும். ஃபைல்என்கோடிங்ல லத்தீன்1 குடுங்க, எடிட்டர்ல யுடிஎஃப்-8 ன்னு காட்டியிருந்தா அதைக் குடுங்க. செக் டாட் நேம்ஸை ஃபால்ஸ் பண்ணுங்க, இல்லைன்னா காலம் பேருல இருக்கற அடைப்பு, சதவீதக் குறி, ஸ்பேஸ் எல்லாத்தையும் புள்ளியா மாத்திடும், அப்புறம் எது எந்த யூனிட்னு கண்ணு வலிக்கும். என்ஏ டாட் ஸ்ட்ரிங்ஸ்ல வெறும் காலி மேற்கோளைக் குடுங்க, காலி கட்டம் எல்லாம் மிஸ்ஸிங் ஆகும்.

ரீட் டாட் டேபிள் யூஸ் பண்ணாதீங்க. அது டபுள் கோட்ஸ் மட்டும் இல்லாம சிங்கிள் கோட்ஸையும் மேற்கோளா எடுத்துக்கும். லொகேஷன் கமென்ட்ல யாராவது 17 டிகிரி 55 நிமிஷம்னு ஒத்தை கோடு போட்டு எழுதியிருந்தா அங்க மேற்கோள் ஆரம்பிச்சு அடுத்த ஒத்தை கோடு எங்க வருதோ அது வரைக்கும் நூறு வரிசையா இருந்தாலும் ஒரே கட்டத்துக்குள்ள முழுங்கிடும்.

செக்: ரீட்லைன்ஸ்னு ஒரு ஃபங்ஷன், அது ஃபைலை வெறும் வரிகளா படிக்கும், அதோட லெங்த் எடுங்க. லோட் பண்ணின டேபிளோட என்ரோ (வரிசை எண்ணிக்கை) எடுங்க. தலைப்புக்கு ஒண்ணு, நடுவுல வெத்து வரி இருந்தா அதுக்கு ஒண்ணு ரெண்டு, அவ்வளவு தான் வித்தியாசம் வரணும். நூத்துக்கணக்குல குறையுதுன்னா கோட்ஸ் பிரச்சனை. "மேற்கோளுக்குள்ள ஃபைல் முடிஞ்சுபோச்சு"ங்கற அர்த்தத்துல வார்னிங் வந்திருந்தா சந்தேகமே வேணாம், அதே தான். "இன்வாலிட் மல்டிபைட் ஸ்ட்ரிங்"னு எரர் வந்தா என்கோடிங் தப்பா குடுத்திருக்கீங்க.

ஸ்டெப் 4: வாலை வெட்டறது

இப்போ கீழ இருக்கற ரெஃபரன்ஸ் வரிசைகளைப் பிரிக்கணும். கடைசி இத்தனை வரிசையை வெட்டுன்னு நம்பர் போட்டு எழுதாதீங்க, அடுத்த பதிப்புல அந்த நம்பர் மாறிடும். சாம்பிள் நேம் காலம் காலியா இல்லாத வரிசை எல்லாம் டேட்டா, மத்தது எல்லாம் வால், அவ்வளவு தான். வாலைத் தூக்கிப் போடாதீங்க, தனி ஆப்ஜெக்டா சேவ் பண்ணுங்க. தீசிஸ் எழுதும்போது ஜியோராக்கை மட்டும் சைட் பண்ணா பத்தாது, மாதிரியை எடுத்து நசுக்கி அரைச்சு அனலைஸ் பண்ணவங்க பேப்பரையும் சைட் பண்ணணும், அந்த நம்பருக்கு உரிய பேப்பர் எதுன்னு இந்த வால்ல தான் இருக்கு.

ஸ்டெப் 5: நம்பரா மாத்தறது

காலம் பேருக்குள்ள எடை சதவீதம், பிபிஎம் யூனிட் இருக்கற எல்லாத்தையும் க்ரெப் (எழுத்தைத் தேடற ஃபங்ஷன்) வச்சு ஒரு லிஸ்டா எடுங்க. ஐசோடோப் விகிதக் காலங்களையும், நாலு லாட்டிட்யூட் லாங்கிட்யூட் காலங்களையும் கூட சேத்துக்குங்க. அந்த லிஸ்ட் மேல மட்டும் ஆஸ் டாட் நியூமெரிக் ஓட்டுங்க.

ஓட்டும்போது "மாத்த முடியாம என்ஏ ஆக்கிட்டேன்"னு வார்னிங் வந்தா அதை அமுக்கிடற பழக்கம் நெட்ல பாத்து எல்லாருக்கும் வந்திருக்கு. நான் சொல்றது அதுக்கு நேர் எதிர், அந்த வார்னிங் தான் உங்களுக்கு சம்பளமில்லாம வேலை செய்யற ஆளு. மாத்தறதுக்கு முன்னாடி காலியா இல்லாம இருந்து, மாத்தினதுக்கு அப்புறம் காலி ஆன கட்டங்கள் எதுன்னு எடுத்து யுனீக் போட்டுப் பாருங்க. தசமத்துக்குப் புள்ளிக்குப் பதிலா கமா, டிடெக்ஷன் லிமிட்டுக்குக் (மெஷினால அளக்க முடிஞ்ச குறைஞ்சபட்ச அளவு) கீழன்னு சொல்ற சின்னக் குறி, நம்பருக்குப் பின்னாடி ஒட்டின எழுத்து, இப்படி ஏதாவது இருக்கும். அதுக்கு ஏத்த மாதிரி சரி பண்ணிட்டு திரும்ப மாத்துங்க.

டிடெக்ஷன் லிமிட்னு வந்ததால சொல்றேன், டேட்டாபேஸுக்கு டேட்டாபேஸ் இதை எழுதற விதம் வேற. அமெரிக்க ஜியாலஜிக்கல் சர்வேயோட பழைய ஜியோகெமிக்கல் டேட்டாபேஸ்ல நெகட்டிவ் நம்பர் போட்டிருப்பாங்க, மைனஸ் 5 ன்னா 5 பிபிஎம்-க்குக் கீழன்னு அர்த்தம். தெரியாம சராசரி எடுத்தா பாறைல தங்கம் மைனஸ்ல வரும். நம்ம ஃபைல்ல பூஜ்யம் எங்கயாவது இருக்கான்னு பாருங்க, ட்ரேஸ் எலிமெண்ட்ல நிஜ பூஜ்யம்னு ஒண்ணு கிடையாது, அதை மிஸ்ஸிங்னே வச்சுக்கறது உத்தமம்.

காலம் பேரை சின்னதாக்கணும்னு ஆசைப்பட்டு யூனிட்டை வெட்டிடாதீங்க. சோடியம் பிபிஎம் காலத்துல யூனிட்டை வெட்டினா மிச்சம் இருக்கறது வெறும் என்ஏ, ஆர்-ல அதுக்கு மிஸ்ஸிங்னு அர்த்தம். இதுல நான் ஒரு முழு சாயங்காலத்தை விட்டிருக்கேன். அடைப்பை எடுத்துட்டு அண்டர்ஸ்கோர் போட்டு யூனிட்டை வச்சுக்குங்க.

ஸ்டெப் 6: எது பாறை, எது மினரல்

மெட்டீரியல்னு ஒரு காலம் இருக்கும். முழுப் பாறை, எரிமலைக் கண்ணாடி, மினரல், இன்க்ளூஷன்னு வகை சொல்லும். சில பதிப்புல சுருக்கமா ரெண்டு மூணு எழுத்து, சிலதுல முழுசா, அதனால முதல்ல டேபிள் ஃபங்ஷன் போட்டு என்னென்ன இருக்கு, எத்தனை எத்தனைன்னு பாத்துட்டு முழுப் பாறையை மட்டும் எடுங்க. ஒரு பையன் இதைப் பண்ணாம மெக்னீசியம் ஆக்சைடு ஹிஸ்டோகிராம் போட்டுட்டு வந்தான், 6-க்கு பக்கத்துல ஒரு மலை, 40-க்கு மேல தனியா ஒரு குட்டி மலை. "அண்ணா புது வகை பாறை கண்டுபிடிச்சிருக்கேன்"னான். ஆலிவின்ங்கற மினரல்டா அது.

ஆல்டரேஷன் (பாறை எவ்வளவு சிதைஞ்சிருக்குன்னு சொல்றது) காலத்தையும் இதே மாதிரி டேபிள் போட்டுப் பாருங்க, ஆனா அதுல காலின்னா பாறை ஃப்ரெஷ்னு எடுத்துக்காதீங்க, பேப்பர்ல எழுதலைன்னு மட்டும் தான் அர்த்தம்.

ஸ்டெப் 7: இரும்புத் தகராறு

இது கொஞ்சம் நேரம் எடுக்கும். இரும்பு ஆக்சைடு ஃபெரிக், ஃபெரஸ்னு ரெண்டு வடிவத்துல இருக்கும், அதனால இரும்புக்கு மட்டும் நாலு காலம் இருக்கும்: ஃபெரிக், ஃபெரஸ், மொத்தமும் ஃபெரிக்கா, மொத்தமும் ஃபெரஸா. எந்த லேப் எந்த முறைல பண்ணினாங்களோ அதுக்கு ஏத்த காலத்துல நம்பர் இருக்கும், மத்தது காலி. அப்படியே ஒரு காலத்தை மட்டும் எடுத்து பிளாட் போட்டா பாதி சாம்பிள் காணாம போகும். எல்லாத்தையும் மொத்த ஃபெரஸ் ஆக்சைடா மாத்திக்கணும், ஃபெரிக்கை ஃபெரஸா மாத்த 0.8998 ஆல பெருக்கணும். வரிசை இப்படி வச்சுக்குங்க: மொத்த ஃபெரஸ் இருந்தா அதையே எடு, இல்லைன்னா மொத்த ஃபெரிக் இருந்தா பெருக்கு, அதுவும் இல்லைன்னா ஃபெரஸ் கூட 0.8998 ஆல பெருக்கின ஃபெரிக்கைக் கூட்டு. கூட்டற இடத்துல ரெண்டும் இருக்கணும், ஃபெரஸ் மட்டும் இருந்து ஃபெரிக் காலியா இருந்தா அது நிஜமாவே ஃபெரஸ் மட்டுமா, இல்ல மொத்தத்தையும் தப்பான காலத்துல போட்டுட்டாங்களான்னு பேப்பரைப் பாத்தா தான் தெரியும். எந்த வழில வந்த நம்பர்னு ஒரு தனி காலத்துல குறிச்சு வைங்க, பின்னாடி சந்தேகம் வரும்.

அப்புறம் மேஜர் ஆக்சைடு எல்லாத்தையும் கூட்டி, எரிப்பு இழப்பையும் (சூடு பண்ணும்போது குறையற எடை) சேத்து, 97-ல இருந்து 102 க்குள்ள வராத வரிசையைத் தனியா எடுத்துப் பாருங்க. இந்த எல்லை என் பழக்கம், நீங்க இன்னும் இறுக்கிக்கலாம். ட்ரேஸ் எலிமெண்ட் மட்டும் அனலைஸ் பண்ணின சாம்பிளுக்கு மொத்தம் பூஜ்யம்னு வரும், அதைத் தப்பான டேட்டான்னு தூக்கிப் போட்டுடாதீங்க.

ஸ்டெப் 8: இடம்

லாட்டிட்யூட், லாங்கிட்யூட் ரெண்டுக்கும் மினிமம், மேக்ஸிமம்னு ரெண்டு ரெண்டு காலம். ரெண்டும் ஒண்ணா இருந்தா புள்ளி, வேற வேறயா இருந்தா "இந்தக் கட்டத்துக்குள்ள எங்கயோ"ன்னு அர்த்தம். சராசரி எடுத்துக்கலாம், ஆனா வித்தியாசம் அரை டிகிரிக்கு மேல இருந்தா அதை மேப்ல புள்ளியா வைக்கறது நியாயமில்ல, அரை டிகிரின்னா 50 கிலோமீட்டருக்கு மேல. மேப் போட்டதும் அரபிக்கடல் நடுவுல புள்ளி தெரிஞ்சா உடனே தப்புன்னு சொல்லிடாதீங்க, லேண்ட்-சீ காலத்தையும் கமென்ட்டையும் பாருங்க, பாம்பே ஹை பக்கம் கடலுக்கு அடியிலயும் டெக்கான் பசால்ட் இருக்கு. ஆப்பிரிக்காவுக்குக் கீழ பூஜ்யம் பூஜ்யத்துல நின்னா தான் தப்பு.

ஸ்டெப் 9: சேவ்

சுத்தம் பண்ணினதை சேவ்ஆர்டிஎஸ் வச்சு சேவ் பண்ணுங்க, காலம் வகை எல்லாம் அப்படியே இருக்கும். எஸ்பிஎஸ்எஸ், ஜமோவி யூஸ் பண்றவங்க இந்த சுத்தமான டேபிளை சிஎஸ்வியா எழுதி அங்க எடுத்துக்குங்க, எஸ்பிஎஸ்எஸ்ல வேரியபிள் பேருல ஸ்பேஸும் அடைப்பும் ஆகாது, நாம ஏற்கனவே அண்டர்ஸ்கோர் போட்டதால பிரச்சனை வராது. டாஸ் டயாகிராம், ஸ்பைடர் டயாகிராம் மாதிரி பாறை கெமிஸ்ட்ரி படங்கள் எல்லாம் ரெடிமேடா வேணும்னா ஜிசிடிகிட்னு சாஃப்ட்வேர் இருக்கு, ஆர் மேலயே ஓடறது, ஆனா அது காலம் பேர் எல்லாம் அதுக்குத் தெரிஞ்ச வடிவத்துல எதிர்பார்க்கும், சிலிக்காவை முழு கேப்பிட்டல்ல குடுத்தா கண்டுக்குதான்னு முதல்ல பாத்துக்குங்க. பிசிஏ, க்ளஸ்டர் பண்ணப் போறவங்க சதவீத நம்பரை அப்படியே போடாதீங்க, 100-க்குள்ள அடைஞ்ச டேட்டாவுல ஒண்ணு ஏறினா இன்னொண்ணு இறங்கியே ஆகணும், லாக் ரேஷியோ எடுத்துட்டு பண்ணுங்க, கம்போசிஷன்ஸ்னு பேக்கேஜே இருக்கு.

ஸ்டெப் 10: கடைசி டெஸ்ட்

லொகேஷன், லொகேஷன் கமென்ட் ரெண்டு காலத்துலயும் க்ரெப்எல் போட்டு, பெரிய எழுத்து சின்ன எழுத்து பாக்காதேன்னு சொல்லி, புஷே, அம்பேனலின்னு தேடி ஃபார்மேஷன்னு புது காலம் உண்டாக்குங்க. எல்லா சாம்பிளுக்கும் கிடைக்காது, கிடைச்சது போதும். ஒரே கமென்ட்ல ரெண்டு ஃபார்மேஷன் பேரும் வந்திருந்தா அதை விட்டுடுங்க.

இப்போ டைட்டானியம் டை ஆக்சைடுக்கு ஃபார்மேஷன் வாரியா பாக்ஸ் பிளாட் போடுங்க. புஷே கீழ, 1 சதவீதத்தை ஒட்டி உக்காரணும், அம்பேனலி 2-க்கு மேல நிக்கணும். அடுத்து பேரியம் போடுங்க, அம்பேனலி நல்லா கீழ இருக்கணும், ஏன்னா மேல வர்ற வழில கண்டத்தோட மேலோட்டைக் கரைச்சுக்கிட்டு வராத லாவா அது, புஷே நிறையவே கரைச்சுக்கிட்டது. ஸ்ட்ரான்சியம் 87-க்கு 86 விகிதம் இருந்தா இன்னும் பளிச்னு தெரியும், அம்பேனலி 0.704 பக்கம், புஷே 0.713-ல ஆரம்பிச்சு 0.72 வரைக்கும் போகும்.

மூணும் இப்படி வந்தா லோடிங் சரி. ரெண்டு பெட்டியும் ஒரே உயரத்துல நின்னா ஸ்டெப் 6-க்குப் போங்க, பெட்டியே வராம எரரோ வெறும் கோடோ வந்தா பெரும்பாலும் ஸ்டெப் 5-ல எந்த காலத்தையோ லிஸ்ட்ல சேக்காம விட்டிருக்கீங்க.